புத்தகம் திறந்திருக்கிறது, பாடம் ஏறவில்லை

கேள்வி:

என் மகளுக்கு 14 வயது, ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள். போன வருடம்வரை கணக்கில் 85க்குக் கீழே வந்ததில்லை. இந்தப் பருவத் தேர்வில் 54. மாலை ஆறு மணிக்குப் புத்தகத்தோடு உட்கார்ந்தால் பத்து மணிவரை எழுந்திருக்க மாட்டாள். நாலு மணி நேரம் படிக்கிறாள் என்றுதான் நாங்களும் நினைத்திருந்தோம். போன் பக்கத்திலேயே இருக்கும். கேட்டால், "கிளாஸ் குரூப்பில்தான் ஹோம்வொர்க் போடுறாங்க" என்பாள். அதுவும் உண்மைதான். இரண்டு மாதமாக முகமே சரியில்லை. வீட்டுக்கு வந்துபோய்க்கொண்டிருந்த தோழிகள் யாரும் இப்போது வருவதில்லை. காலையில் எழுப்புவது பெரும்பாடு. ஒருமுறை போனைப் பிடுங்கி அலமாரியில் வைத்துப் பூட்டினேன். இரண்டு நாள் சரியாகச் சாப்பிடாமல் அழுதாள். மூன்றாம் நாள் மனசு கேட்காமல் கொடுத்துவிட்டேன். "இது அடிமைத்தனம், மொத்தமாக நிறுத்தினால்தான் சரிப்படும்" என்கிறார் என் மனைவி. எனக்குப் பயமாக இருக்கிறது. போனைப் பிடுங்கிவிடலாமா? இது நிஜமாகவே அடிமைத்தனமா?

– ஒரு தந்தை

பதில்:

அன்புள்ள ஐயா,

பிடுங்க வேண்டாம். ஆனால் இப்போது இருக்கிற இடத்திலும் அது இருக்கக்கூடாது.

உங்கள் கடிதத்தில் மூன்று சிக்கல்கள் பின்னிக்கிடக்கின்றன: படிப்பு, தூக்கம், தோழிகள். மூன்றிலும் போன் தென்படுவதால் மூன்றுக்கும் ஒரே வைத்தியம் போதும் என்று தோன்றுகிறது. அப்படியில்லை. படிக்கும் மேசையில் போன் கவனத்தை உடைக்கிறது. அதற்கு மருந்து தூரம். படுக்கையில் அது தூக்கத்தைத் தின்கிறது. அதற்கு மருந்து நேரக்கட்டு. தோழிகள் விஷயத்தில் போன் வெறும் ஜன்னல்தான். ஜன்னலைச் சாத்தினால் வெளியே நடப்பது நின்றுவிடாது, உங்கள் மகளுக்குத் தெரியாமல் போகும், அவ்வளவுதான். அந்த இரண்டு நாள் அழுகை அங்கிருந்து வந்திருக்கவே வாய்ப்பு அதிகம். அதற்குப் பிறகு வருகிறேன். முதலில் மேசை.

ஒரு கணக்கை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு குழாய் தொட்டியை 4 மணி நேரத்தில் நிரப்பும், இன்னொன்று 6 மணி நேரத்தில் நிரப்பும், இரண்டையும் சேர்த்துத் திறந்தால் எவ்வளவு நேரம்? ஒரு மணி நேரத்தில் முதல் குழாய் 1/4 பங்கு, இரண்டாவது 1/6 பங்கு. பகுதியை 12 ஆக்கினால் 3/12, 2/12. கூட்டினால் 5/12. இந்த இடத்தில் போன் அதிர்கிறது. "நாளைக்கு ரெக்கார்டு நோட்டு வேணுமா?" என்று ஒரு பெண் கேட்டிருக்கிறாள். "ஆமா" என்று இவள் பதில் போடுகிறாள். முழுசாகப் பத்து விநாடி. திரும்பி நோட்டைப் பார்க்கிறாள். 5/12 என்று இருக்கிறது. "5/12 மணி நேரம்" என்று எழுதிக் கோடு போட்டு அடுத்த கணக்குக்குப் போய்விடுகிறாள். அது ஒரு மணி நேரத்தில் நிரம்பும் பங்கு, அதைத் தலைகீழாக்கினால்தான் விடை, அதாவது 12/5 மணி, 2 மணி 24 நிமிடம் என்பது அவளுக்குத் தெரியும். தெரிந்த அந்த விஷயம் மனதில் நின்றுகொண்டிருந்த இடத்தில் ரெக்கார்டு நோட்டு வந்து உட்கார்ந்துவிட்டது. விடைத்தாளைத் திருத்துபவர் ஓரத்தில் "கவனக்குறைவு" என்று எழுதுவார்.

ஒரு வேலையில் இருக்கும்போது மனம் தாங்கிப் பிடித்திருக்கக்கூடிய விஷயங்கள் மிகச் சில, நாலைந்துக்கு மேல் இல்லை. பத்து விநாடிதானே என்பது கடிகாரக் கணக்கு. அந்தப் பத்து விநாடியில் கீழே விழுந்ததைப் பொறுக்கி அடுக்க எடுக்கும் நேரம்தான் நிஜமான செலவு. ஒரு வேலையிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும்போது மனதின் ஒரு பகுதி பழைய வேலையிலேயே தங்கிவிடுகிறது என்று 2009இல் சோஃபி லெராய் என்ற ஆய்வாளர் காட்டினார். கலிபோர்னிய உளவியலாளர் லாரி ரோசனின் குழு 2013இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. 263 மாணவர்களை, அவர்கள் வழக்கமாகப் படிக்கும் இடத்திலேயே, ஆளுக்குப் பதினைந்து நிமிடம் கவனித்தார்கள். பார்க்கிறார்கள் என்று தெரிந்தும் சராசரியாக ஆறு நிமிடம்கூட அவர்கள் ஒரே வேலையில் நிற்கவில்லை. உங்கள் மகள் நாலு மணி நேரம் உட்கார்ந்திருக்கிறாள் என்பதில் பொய் இல்லை. அந்த நாலு மணி நேரத்துக்குள் படிப்பு எத்தனை துண்டாக உடைந்து கிடக்கிறது என்பதுதான் நமக்கு வேண்டிய தகவல்.

அதைத் தெரிந்துகொள்ள அவளுடைய போனைத் திறந்து பார்க்கத் தேவையில்லை. கணக்கு நோட்டை வாங்கி, தப்பான கணக்குகளை இரண்டு வகையாகப் பிரியுங்கள். கணக்கை ஆரம்பிக்கவே தெரியாமல் நின்றது ஒரு வகை. சரியாக ஆரம்பித்து, நடுவிலோ கடைசி வரியிலோ சறுக்கியது இன்னொரு வகை: குறி மாறியது, அலகு விட்டுப்போனது, தலைகீழாக்க மறந்தது, கேள்வி கேட்டது ஒன்று இவள் கண்டுபிடித்தது வேறொன்று. இரண்டாம் வகை நிறைய இருந்தால் அது துண்டுபட்ட கவனத்தின் கைவண்ணம், மேசையைச் சரிசெய்தால் மதிப்பெண் ஏறும். முதல் வகைதான் அதிகமென்றால், எங்கோ ஒரு பாடம் புரியாமலே தாண்டிப்போயிருக்கிறது. போனை எந்த அலமாரியில் பூட்டினாலும் அது புரிந்துவிடாது. பல வீடுகளில் இந்த வித்தியாசத்தைப் பார்க்காமலே பழியைப் போன்மேல் போட்டுவிடுகிறோம்.

இனி மேசையை எப்படி மாற்றுவது. எதையும் மாற்றும் முன் ஒரு வாரம் சும்மா அளந்து பாருங்கள், அவளையும் வைத்துக்கொண்டு. ஆண்ட்ராய்டு போனில் செட்டிங்ஸில் டிஜிட்டல் வெல்பீயிங் என்று இருக்கும், ஐபோனில் ஸ்கிரீன் டைம். மொத்தம் எத்தனை மணி நேரம் என்ற எண் கண்ணில் பெரிதாகப் படும், அதை விடுங்கள். ஒரு நாளில் போனைத் திறந்தது எத்தனை தடவை, வந்த நோட்டிஃபிகேஷன் எத்தனை, இரவு பத்துக்கு மேல் ஓடியது எவ்வளவு நேரம், இந்த மூன்றையும் ஒரு தாளில் எழுதச் சொல்லுங்கள். அதே தாளில் உங்கள் எண்களையும் உங்கள் மனைவியின் எண்களையும் எழுதுங்கள். தன் போனை மட்டும் சோதிக்கிறார்கள் என்று தோன்றினால் பதினான்கு வயதுப் பிள்ளை முதல் நாளே கதவைச் சாத்திக்கொள்ளும்.

அந்த வாரம் முடிந்ததும் ஒரு பேரம் பேசுங்கள், அவளுக்கு லாபம் தருகிற பேரமாக இருக்கட்டும்: "நீ நாலு மணி நேரம் உட்கார வேண்டாம். இரண்டு மணி நேரம் போதும். ஆனா அந்த இரண்டு மணி நேரமும் போன் வேற அறையில இருக்கும். மிச்ச நேரம் உன்னோடது." இரண்டு மணி நேரம் சொந்தமாகக் கிடைக்கிறது என்பதை எந்தப் பிள்ளையும் யோசிக்காமல் தள்ளிவிடாது.

கிளாஸ் குரூப் விஷயத்தில் அவள் சொல்வது உண்மை, அதனால் அதற்கு முறையான வழி வேண்டும். ஆறு மணிக்குப் போனோடுதான் உட்கார வேண்டும். பத்து நிமிடத்தில் குரூப்பில் வந்த வீட்டுப்பாடம் முழுவதையும் ஒரு தாளில் கையால் எழுதிக்கொள்ள வேண்டும். யாரிடமாவது ஏதாவது கேட்கவேண்டியிருந்தால் கேட்டு, "எட்டு மணிக்கு வரேன்" என்று ஒரு வரி போட்டுவிட வேண்டும். இந்த ஒரு வரி முக்கியம். பதில் போடாமல் இருப்பது இந்த வயதில் சாதாரண விஷயமில்லை, கோபம் என்று எடுத்துக்கொள்வார்கள். சொல்லிவிட்டுப் போனால் கோபமில்லை. பிறகு போன் வேறு அறைக்குப் போகட்டும். அழைப்பு வந்தால் கேட்கிற மாதிரி ஒலி இருக்கட்டும். படிக்கும்போது வரும் சந்தேகங்களுக்குப் பக்கத்தில் ஒரு துண்டுத்தாள், எட்டு மணிக்கு எல்லாவற்றையும் சேர்த்துக் கேட்டுக்கொள்ளலாம். பாதிச் சந்தேகம் அதற்குள் தானே தீர்ந்திருக்கும்.

சைலண்டில் போட்டுக் குப்புற வைத்தால் போதாதா என்று அவள் கேட்பாள். போதாது. ஒலி நின்றாலும் எடுத்துப் பார்க்கும் பழக்கம் நிற்பதில்லை. கை எட்டும் தூரத்தில் இருந்தால் கணக்கு கொஞ்சம் கடினமாகிற அதே நொடியில் கை தானாக அந்தப் பக்கம் போகும். டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் ஏட்ரியன் வார்டு குழு 2017இல் சோதித்தபோது, போன் வேறு அறையில் இருந்தவர்கள், மேசைமேல் போன் இருந்தவர்களைவிடக் கொடுத்த சோதனைகளை நன்றாகச் செய்தார்கள். பிற்பாடு மற்றவர்கள் செய்து பார்த்ததில் எல்லாருக்கும் அதே அளவு வித்தியாசம் கிடைக்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் எழுந்து நடந்துபோய் எடுக்கவேண்டிய பொருளை ஆறு நிமிடத்துக்கு ஒருமுறை யாரும் எடுக்கப் போவதில்லை. அதற்கு ஆய்வு தேவையில்லை.

இந்தத் திட்டம் வழக்கமாக எங்கே உடையும் என்றும் சொல்கிறேன். "டைமர் போன்லதான் இருக்கு" என்பாள். மேசையில் ஒரு கடிகாரம் வையுங்கள். "பாடமே பிடிஎஃப்பா வந்திருக்கு" என்பாள். முடிந்தால் அச்செடுங்கள், இல்லையென்றால் எந்தக் கணக்கிலும் லாகின் செய்யாத வீட்டுக் கணினியில் திறந்து கொடுங்கள். மிக அதிகமாக உடைவது இடைவேளையில்தான். அரை மணி நேரம் படித்துவிட்டு ஐந்து நிமிடம் ரீல்ஸ் என்று தொடங்கினால் அது இருபத்தைந்து நிமிடமாகும். அவளுக்கு மனக்கட்டுப்பாடு இல்லை என்று அர்த்தமில்லை. பக்கம் முடிந்தால் புத்தகத்தை மூடத் தோன்றும், பாட்டு முடிந்தால் எழுந்திருக்கத் தோன்றும். ரீல்ஸுக்கு முடிவே கிடையாது. விரல் தள்ளத் தள்ளக் கீழிருந்து வந்துகொண்டே இருக்கும் அந்த அமைப்பை 2006இல் வடிவமைத்த ஏஸா ராஸ்கின் பிற்பாடு அதற்காக வெளிப்படையாக வருந்தினார். அதனால் இடைவேளையில் போன் வேண்டாம். எழுந்து நடக்கட்டும், தண்ணீர் குடிக்கட்டும், உங்களோடு நாலு வார்த்தை பேசட்டும்.

இன்னும் ஒன்று. அரை மணி நேரம் முடிந்ததும் புத்தகத்தை மூடிவிட்டு, வெற்றுத்தாளில் இப்போது படித்ததை நினைவிலிருந்து ஐந்து நிமிடம் எழுதச் சொல்லுங்கள். திரும்பத் திரும்ப வாசிப்பதைவிட இப்படி நினைவிலிருந்து எடுத்துப் பார்ப்பது ஒரு வாரம் கழித்தும் நிற்கிறது என்று ரோடிகர், கார்பிக்கி என்ற இரு உளவியலாளர்கள் 2006இல் காட்டினார்கள். இதில் இன்னொரு பயனும் இருக்கிறது. தாள் வெறுமையாக இருந்தால் மனம் வேறெங்கோ இருந்தது என்று அவளுக்கே தெரிந்துவிடும். "படிச்சியா, படிச்சியா" என்று நீங்கள் காவல் நிற்க வேண்டாம்.

தூக்கத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம், ஏனென்றால் இதில் செய்யவேண்டியது எளிது. 13 முதல் 18 வயதுக்கு 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் வேண்டும் என்பது அமெரிக்கத் தூக்க மருத்துவ அகாடமியின் பரிந்துரை. ஆறரைக்கு எழவேண்டிய பெண் பத்தரைக்குத் தூங்கியிருந்தால்தான் எட்டு மணி நேரம் தேறும். பருவ வயதில் உடலின் கடிகாரமே கொஞ்சம் பின்தள்ளிப்போகிறது. காலையில் எழ முடியாததைச் சோம்பல் என்று திட்டாதீர்கள். திரையின் வெளிச்சம் மட்டுமல்ல, "பதில் வந்திருக்குமோ" என்ற விழிப்பும் தூக்கத்தைக் கெடுக்கிறது. பகலில் படித்தது மனதில் படிவதும் தூக்கத்தில்தான், ஆகவே இரவு பறிபோனால் மாலைப் படிப்பும் கூடவே போகிறது. ஒன்பதரை மணிக்கு வீட்டிலுள்ள எல்லாப் போன்களும், உங்களுடையதும் சேர்த்து, படுக்கையறைக்கு வெளியே ஒரே இடத்தில் சார்ஜில் இருக்கட்டும். ஓர் அலாரம் கடிகாரம் வாங்குங்கள். அவள் ஸ்னாப்சாட்டில் ஒரு தோழியோடு ஸ்ட்ரீக் (நாள் தவறாமல் இருவரும் படம் அனுப்பிக்கொள்ளும் தொடர்) வைத்திருந்தால், 24 மணி நேரத்துக்குள் இருவரும் ஒருமுறையாவது அனுப்பிக்கொள்ளாவிட்டால் அது அறுந்துவிடும். உங்களுக்கு அற்பமாகத் தோன்றினாலும், அவளுக்கு அது இருநூறு நாள் காத்துவந்த நட்பின் கணக்காக இருக்கலாம். ஒன்பதரைக்கு முன் அனுப்பிவிட நேரம் கொடுங்கள், அதற்குமேல் சண்டை வராது.

இப்போது தோழிகள்.

நடந்தது இன்னதுதான் என்று உங்கள் கடிதத்தை வைத்து உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் இரண்டு மாதமாக முகவாட்டம், அதே காலத்தில் தோழிகளின் வரவு நின்றது, போன் பறிபோனதும் கோபத்தைவிட அழுகை. இந்த மூன்றும் சேர்ந்தால் முதலில் யோசிக்கவேண்டியது இதுதான். வகுப்பில் ஆறு பெண்களுக்கு ஒரு குரூப் இருக்கும். காலையிலிருந்து இரவுவரை அதில் பேச்சு ஓயாது. ஒருநாள் அது அமைதியாகிவிடும். யாரும் சண்டை போடவில்லை, யாரையும் நீக்கவில்லை. மற்ற ஐந்து பேரும் இவளை விட்டுவிட்டு வேறொரு குரூப் தொடங்கியிருப்பார்கள். பழைய குரூப் அப்படியே இருக்கும், அதில் இவள் போட்ட "ஹாய்" மட்டும் பதிலில்லாமல் கிடக்கும். ஐந்து பேரும் பார்த்துவிட்டார்கள் என்று நீல டிக் சொல்லும். ஞாயிற்றுக்கிழமை ஒருத்தியின் ஸ்டேட்டஸில் ஐந்து பேரும் சேர்ந்து நிற்கும் படம் வரும். யாரிடம் போய் என்னவென்று முறையிடுவது? திட்டிய வார்த்தை இல்லை, காட்டச் சான்று இல்லை. அந்தப் பிள்ளை போனை ஒரு நாளில் நூறு முறை திறப்பது வேடிக்கை பார்க்க இல்லை. தன்னைப் பற்றி என்ன நடக்கிறது என்று காவல் இருக்கிறது.

முன்பும் பிள்ளைகள் ஒருவரையொருவர் ஒதுக்கினார்கள். ஆனால் பள்ளி விட்டதும் வீட்டுக்கு வந்துவிடலாம். வீட்டில் அது தொடராது. இப்போது படுக்கைவரை கூடவே வருகிறது. ஒப்புதலும் அப்படித்தான், எண்ணாக மாறி எல்லார் கண்முன்னும் நிற்கிறது. கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலஸ் வளாகத்தில் 2016இல் லாரன் ஷெர்மன் குழு 13 முதல் 18 வயதுள்ள 32 பேரின் மூளையை ஸ்கேன் செய்து பார்த்தது. தங்கள் படத்துக்கு நிறைய லைக் வந்திருப்பதைப் பார்த்தபோது, வெகுமதிக்கு எழும் மூளைப்பகுதி அதிகமாகக் கிளர்ந்தது. மற்றவர்களின் படங்களிலும் ஏற்கெனவே நிறைய லைக் வாங்கியவற்றுக்கே அவர்களும் லைக் போட்டார்கள். தன் வயதுக்காரர்கள் தன்னை ஏற்கிறார்களா என்பது இந்த வயதில் சோறுதண்ணீருக்குச் சமமான கேள்வி. அதை நினைவில் வைத்துக்கொண்டு அவளிடம் பேசுங்கள்.

"யார் என்ன சொன்னா? போனைக் காட்டு" என்று தொடங்காதீர்கள். எதிரெதிரே உட்கார்ந்து கேட்டாலும் பதில் வராது. நடந்துபோகும்போது, வண்டியில் போகும்போது, சேர்ந்து ஏதாவது வேலை செய்யும்போது, கண்ணைப் பார்க்கவேண்டிய அவசியம் இல்லாத நேரத்தில் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "இப்பல்லாம் மதியம் யார்கூட சாப்பிடுற?" சட்டென்று ஒரு பெயர் வந்தால் நிம்மதி. "யாராவது ஒருத்தர்கூட" என்றால் அவள் இடம் தேடிக்கொண்டிருக்கிறாள். "லைப்ரரியில இருப்பேன்", "பசிக்கல" என்றால் அவள் தனியாக இருக்கிறாள். அதற்கப்புறம் புத்திமதி வேண்டாம். "அவங்க போனா போறாங்க, வேற ஃப்ரெண்ட்ஸே கிடைக்காதா" என்ற ஆறுதல், அவள் வலியைச் சின்னதாக்கிவிடும். "ரெண்டு மாசமா இதைத் தனியா சுமந்துட்டு இருந்திருக்க" என்று சொல்லி நிறுத்திக்கொள்ளுங்கள். மிச்சத்தை அவளே சொல்வாள், அன்றைக்கே இல்லாவிட்டாலும்.

உடனே அந்த ஐந்து பெண்களின் பெற்றோருக்குப் போன் போடாதீர்கள். மறுநாள் வகுப்பில் அவள்தான் அதை அனுபவிக்க வேண்டியிருக்கும். கேலிப்படம், மிரட்டல், வசைச்சொல் என்று இருந்தால் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொண்டு வகுப்பாசிரியரிடம் போகலாம், போக வேண்டும். வெறும் ஒதுக்கல் என்றால் அந்த ஆறு பேர் கூட்டத்தைத் திரும்ப ஒட்டவைப்பதை விட்டுவிட்டு, ஒரே ஒரு தோழியைத் தேடுங்கள். ஐந்து பேரில் இன்னும் முகம் கொடுத்துப் பேசுகிறவள் ஒருத்தி இருப்பாள். அவளை மட்டும் ஒரு மணி நேரம் வீட்டுக்கு வரச் சொல்லுங்கள், செய்வதற்கு ஏதாவது ஒரு வேலையோடு. சும்மா உட்கார்ந்து பேசு என்றால் இருவரும் ஆளுக்கொரு போனை எடுத்துக்கொள்வார்கள். வகுப்புக்கு வெளியே வாரம் இருமுறை கூடுகிற விளையாட்டு, இசை, ஓவியம் என்று எதிலாவது அவள் இருந்தால் அதைப் படிப்புக்காக நிறுத்திவிடாதீர்கள். மதிப்பெண் குறைந்ததும் பெற்றோர் முதலில் கைவைப்பது அதில்தான். ஒரு கூட்டம் கைவிட்டபோது வேறொரு கூட்டம் இருப்பதுதான் பிள்ளையைத் தாங்கிப்பிடிக்கும்.

போனில் செய்யக்கூடியதும் கொஞ்சம் இருக்கிறது. வலிக்கிற ஸ்டேட்டஸ்களை, அவர்களுக்குத் தெரியாமலே, மியூட் செய்யலாம். வாட்ஸ்ஆப் பிரைவசியில் நீல டிக்கை நிறுத்தலாம். தனிப்பேச்சில் மட்டும்தான் அது வேலை செய்யும், குரூப்பில் நிற்காது. கிளாஸ் குரூப்பை நிரந்தரமாக மியூட்டில் போட்டுவிட்டு ஆறு மணிக்கு மட்டும் பார்க்கலாம். அவள் இன்ஸ்டாகிராமில் இருந்தால், கொடுத்திருக்கும் பிறந்த வருடம் சரியா என்று சேர்ந்து பாருங்கள். 2024 செப்டம்பரிலிருந்து அங்கே பதின்ம வயதினருக்கென்று தனிக் கணக்குமுறை வந்திருக்கிறது. கணக்கு தானாகவே தனிப்பட்டதாக இருக்கும், இரவு 10 முதல் காலை 7 வரை நோட்டிஃபிகேஷன் அடங்கும், 16 வயதுக்குக் கீழ் என்றால் இந்தக் கட்டுகளைத் தளர்த்தப் பெற்றோர் அனுமதி வேண்டும். வயதைக் கூட்டிப் போட்டிருந்தால் இவை எதுவும் அவளுக்குக் கிடைக்காமல் போகலாம். யூடியூபில் வாட்ச் ஹிஸ்டரியை அழித்து, அணைத்தும் விட்டால் முதல் பக்கத்தில் வந்து குவியும் பரிந்துரைகள் மறைந்துவிடும்.

அவளுக்குத் தெரியாமல் அவள் போனைப் படிக்காதீர்கள். கண்டுபிடித்த நாளில் இரண்டாவது கணக்கு ஒன்று உங்களுக்குத் தெரியாமல் தொடங்கப்படும். இதைவிடப் பெரிய காரணம் ஒன்று இருக்கிறது. முகம் தெரியாத யாராவது படம் கேட்டு மிரட்டினாலோ, அனுப்பிய படத்தை வைத்துப் பணம் கேட்டாலோ, பிள்ளைகள் வீட்டில் சொல்லாமல் மறைப்பதற்குப் பெரிய காரணங்களில் ஒன்று, சொன்னால் போன் போய்விடும் என்ற பயம். இன்றைக்கே அவளிடம் சொல்லிவிடுங்கள்: "எந்தத் தப்பு நடந்தாலும் எங்கிட்ட வா. போனைப் பிடுங்க மாட்டேன்." அப்படி ஒன்று நடந்தால் பணம் கொடுக்கக்கூடாது, உரையாடலை அழிக்கக்கூடாது, சான்றை எடுத்துக்கொண்டு தடைசெய்து, அந்தத் தளத்திலும் காவல்துறையிலும் புகார் கொடுக்க வேண்டும். 18 வயதுக்குக் குறைந்தவர்களின் அந்தரங்கப் படங்கள் பரவுவதைத் தடுக்க டேக் இட் டவுன் என்ற இலவசச் சேவை இருக்கிறது. படத்தை யாருக்கும் அனுப்பத் தேவையில்லை, உங்கள் கருவியிலேயே அதன் அடையாளக் குறியீட்டை உருவாக்கி அதை மட்டும் எடுத்துக்கொள்ளும்.

இனி உங்கள் மனைவியின் சொல்லுக்கு வருகிறேன். உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாட்டின் 11ஆம் பதிப்பு 2022 ஜனவரி 1இல் நடைமுறைக்கு வந்தது. அதில் கணினி விளையாட்டுக் கோளாறு இருக்கிறது. சமூக ஊடக அடிமைத்தனம் என்று ஒரு நோய் இல்லை. அதற்காக அவர் கவலையில் அர்த்தமில்லை என்றாகாது. அமெரிக்க அரசின் தலைமைப் பொதுச் சுகாதார அதிகாரியாக (சர்ஜன் ஜெனரல்) இருந்த விவேக் மூர்த்தி 2023 மே மாதம் வெளியிட்ட எச்சரிக்கையில், நாளுக்கு மூன்று மணி நேரத்துக்கு மேல் சமூக ஊடகத்தில் இருக்கும் பதின்ம வயதினருக்கு மனச்சோர்வு, பதற்றம் போன்ற தொல்லைகளின் ஆபத்து இருமடங்கு என்று சுட்டினார். அதே நேரத்தில், ஏமி ஆர்பனும் ஆண்ட்ரூ பிரிஸிபில்ஸ்கியும் 2019இல் மூன்று பெரிய தரவுத் தொகுப்புகளை அலசி, பதின்ம வயதினரின் மனநலத்தில் காணும் வேறுபாட்டில் 0.4 சதவீதத்துக்கு மேல் டிஜிட்டல் பயன்பாட்டால் விளக்க முடியவில்லை என்றார்கள். இரண்டும் ஒன்றையொன்று பொய்யாக்கவில்லை. சராசரியில் சின்னதாகத் தெரிவது ஒரு குறிப்பிட்ட பிள்ளைக்குப் பெரிதாக இருக்கலாம். வாடியிருக்கிற பிள்ளை போனை அதிகம் தேடுகிறதா, போனால் வாடுகிறதா என்பதையும் வெறும் மணிக்கணக்கு சொல்லாது. அதனால்தான் மொத்த நேரத்தைப் பார்க்க வேண்டாம் என்றேன். அவள் காதுபட அடிமை என்ற சொல்லைப் பயன்படுத்த வேண்டாம் என்று உங்கள் மனைவியிடம் அன்போடு சொல்லுங்கள். பதினான்கு வயதில் அப்படி ஒரு பெயர் ஒட்டினால் அவளே அதை நம்பத் தொடங்குவாள்.

மூன்றாம் நாள் போனைத் திருப்பிக் கொடுத்ததைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும், குற்றமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். எப்போதும் கிடைக்கும் பரிசைவிட எப்போதாவது கிடைக்கும் பரிசுதான் பழக்கத்தை ஆழமாக ஊன்றும். நடத்தை ஆய்வாளர் ஸ்கின்னர் விலங்குகளை வைத்துக் காட்டியது இது. பத்துமுறை போனைத் திறந்தால் ஒருமுறை நல்ல செய்தி வருகிறது, அதனால் பதினோராவது முறையும் கை போகிறது. வீட்டிலும் அதே விதிதான். ஒன்பது முறை "முடியாது" என்றுவிட்டுப் பத்தாவது முறை இளகினால், அடுத்த தடவை அழுகை இன்னும் நீளும். ஆகவே மூன்று நாள் தாங்கும் பெரிய விதி வேண்டாம், மூன்று வாரம் தாங்கும் சின்ன விதி போதும்: படிக்கும் இரண்டு மணி நேரம் வேறு அறை, ஒன்பதரைக்குச் சார்ஜ். அவ்வளவுதான். முதல் வாரம் எரிச்சலும் கதவடிப்பும் கூடும், அடங்கும் முன் ஒருமுறை பொங்கத்தான் செய்யும். அந்த வாரத்தில் விதியைக் கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம்.

இரண்டு வாரத்துக்கு மேல் விடாமல் சோர்ந்திருந்தால், பள்ளிக்குப் போக மறுத்தால், உணவோ தூக்கமோ தொடர்ந்து குலைந்தால், பிடித்த எதிலும் நாட்டமில்லாமல் போனால் குழந்தைகள் மனநல மருத்துவரையோ உளவியலாளரையோ பாருங்கள். "நான் இல்லாமலே போயிருக்கலாம்" என்பது போன்ற பேச்சோ, தன்னைக் காயப்படுத்திக்கொண்ட தடமோ தென்பட்டால் இரண்டு வாரம் என்ற கணக்கெல்லாம் வேண்டாம். அன்றே போங்கள், அதுவரை அவளைத் தனியாக விடாதீர்கள்.

மூன்று வாரம் முடிந்ததும் அந்தத் தாளை எடுத்து மூன்று எண்களையும் மறுபடி எழுதுங்கள், கணக்கு நோட்டையும் மறுபடி பிரித்துப் பாருங்கள். கடைசி வரியில் சறுக்கிய கணக்குகள் குறைந்திருந்தால் இதையே தொடருங்கள். மதிப்பெண் தேர்வில்தான் தெரியும், அதற்கு இன்னும் ஒரு பருவம் ஆகலாம். எண்கள் குறைந்தும், கணக்கைத் தொடங்கவே தெரியாமல் நிற்கிறாள் என்றால், பள்ளிக்குப் போய்க் கணக்காசிரியரைப் பாருங்கள். எந்தப் பாடத்திலிருந்து விட்டுப்போயிற்று என்று அவரால் அவளுடைய நோட்டைப் பார்த்தே சொல்ல முடியும்.